தண்ணீர் குடித்தா செத்தார்கள்?

ஆப்பிரிக்காவில் கென்யா என்று ஒரு நாடு. அங்கே டானா என்னும் ஆற்றங்கரையில் ஹோலா என்று ஓர் ஊர். வெயில் கொளுத்தும் இடம்.

கென்யா அப்போது வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. ஹோலாவில் ஒரு கைதி முகாம் வைத்திருந்தார்கள்.

1959-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி. 85 கைதிகளை வாய்க்கால் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர்களில் 11 பேர் செத்துப்போனார்கள். மற்றவர்களில் பலருக்குப் பலத்த காயம்.

எப்படிச் செத்தார்கள்?

கென்யா சர்க்கார் ஓர் அறிக்கை வெளியிட்டது. "தண்ணீர் வண்டியில் இருந்த தண்ணீரைக் குடித்தார்கள். அதன் பிறகு செத்தார்கள்" என்பது அதன் சாரம்.

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. அந்த வண்டித் தண்ணீரைத்தான் காவலாளிகளும் குடித்தார்களாம்! காவலாளி ஒருவர்கூடச் சாகவில்லை. அறிக்கையை எழுதிய அதிகாரி இதை யோசிக்கவில்லை போலும்.

தடியடி

அந்தக் கைதிகள் யார்?

கென்யாவின் நல்ல நிலங்களை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நிலம் இழந்த மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். அதற்கு "மௌ மௌ" கிளர்ச்சி என்று பெயர். கிளர்ச்சிக்காரர்களும் கொலை செய்தார்கள். அதை மறைக்க வேண்டியது இல்லை. அவர்கள் கையால் செத்தவர்களிலும் ஆப்பிரிக்கர்களே அதிகம்.

1952-ல் நெருக்கடி நிலை வந்தது. ஆயிரக்கணக்கான பேரை, விசாரணை இல்லாமலே முகாம்களில் அடைத்தார்கள். ஹோலாவில் இருந்தவர்கள் கடைசி வரை பணியாதவர்கள். "நாங்கள் தண்டனைக் கைதிகள் அல்ல. வேலை செய்ய மாட்டோம்" என்றார்கள்.

அவர்களைப் பலவந்தமாக வேலை செய்ய வைக்க, அதிகாரிகள் ஒரு திட்டம் போட்டார்கள். அந்தத் திட்டப்படி அன்று வெளியே கொண்டு போனார்கள். தடியால் அடித்தார்கள். அடி தாங்காமல் 11 பேர் செத்தார்கள்.

பிரேத பரிசோதனை நடந்தது. மரண விசாரணையும் நடந்தது. தண்ணீர்க் கதை பொய் என்று ஆகிவிட்டது.

இத்துடன் விஷயம் முடிந்திருக்கும். "ஏதோ காட்டுப் பக்கத்தில் 11 கைதிகள் செத்தார்கள். இரண்டு அதிகாரிகளைக் கண்டித்தோம்" என்று கோப்பைக் கட்டி வைத்திருப்பார்கள். கட்ட விடாமல் தடுத்தது லண்டன் பாராளுமன்றம்.

பஞ்சாலை ஊர்ப் பெண்மணி

பார்பரா காசில் என்று ஒரு பெண் அங்கத்தினர். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியைச் சேர்ந்தவர். அவருடைய தொகுதி பிளாக்பர்ன். பஞ்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். அந்த ஊருக்கும் கென்யாவுக்கும் என்ன சம்பந்தம்? ஓட்டுப் போட்டவர்கள் கூலி உயர்வைப் பற்றித்தானே கேட்பார்கள்?

ஆனாலும் பார்பரா காசில் கென்யாவை விடவில்லை. ஹோலாவுக்கு முன்பே, போலீஸ் காவலில் ஓர் ஆப்பிரிக்கத் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். அதைப் பற்றி விசாரிக்க, 1955-ல் நேரில் கென்யாவுக்கே போய்வந்தார். அங்கே பார்த்ததை வைத்துக்கொண்டு மந்திரியை மடக்கினார்.

கேள்வி கேட்பது சுலபம் என்று நாம் நினைக்கிறோம். முதல் கேள்வி சுலபம்தான். அதற்கு மந்திரியின் கையில் பதில் தயாராக இருக்கும். அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். மந்திரி படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இரண்டாவது கேள்விதான் கஷ்டம்.

"பள்ளிக்கூடம் போனாயா?" என்று தாய் கேட்கிறாள். "போனேன்" என்கிறான் பையன். "வாத்தியார் இன்றைக்கு என்ன பாடம் நடத்தினார்?" என்று அடுத்துக் கேட்டால்தான் பையன் விழிப்பான்! பாராளுமன்றத்தில் அதற்குத் துணைக் கேள்வி என்று பெயர். அதைக் கேட்பதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கேட்கிறவர் முன்கூட்டியே படித்திருக்க வேண்டும்.

ஹோலா விஷயத்தில் அங்கத்தினர்கள் படித்துவிட்டு வந்தார்கள். "அந்தத் திட்டம் யார் போட்டது? அதற்குச் சம்மதம் கொடுத்தது யார்? ஆபத்து என்று யாருக்கும் தெரியாதா?" என்பதுதான் அவர்கள் எழுப்பிய பிரச்சினை.

சர்க்காரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. கடிதங்களையும் உத்தரவுகளையும் வெள்ளை அறிக்கையாக அச்சிட்டு சபையில் வைத்தது.

அதில் ஒரு கடிதம். எழுதியவர் கென்யாவின் சிறைத்துறைத் தலைவர். இந்தத் திட்டத்தை நடத்தினால் யாருக்காவது காயம் படலாம், சாகவும் கூடும் என்று சம்பவத்துக்கு முன்பே அவர் எழுதியிருந்தார்!

தெரிந்தேதான் செய்தார்கள்.

இரவு 1 மணிக்கு

1959 ஜூலை 27-ந் தேதி இரவு, காமன்ஸ் சபையில் விவாதம். நள்ளிரவு தாண்டியும் முடியவில்லை. இரவு 1 மணிக்கு மேல் ஒருவர் எழுந்தார். அவர் பெயர் ஏனாக் பவல்.

அவர் ஆளும் கட்சிக்காரர்!

தன் கட்சி சர்க்காரையே அவர் பிடித்துக்கொண்டார். செத்தவர்களை, மனிதரில் தாழ்ந்தவர்கள் என்று அவருடைய கட்சிக்காரர் ஒருவரே சொல்லியிருந்தார். பவல் அதை ஏற்கவில்லை. 'இவன் இப்படிப்பட்டவன், ஆகையால் இவன் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை' என்று ஒரு மனிதனைப் பற்றி இன்னொரு மனிதன் தீர்ப்புச் சொல்வது பயங்கரம் என்றார். ஆப்பிரிக்காவுக்கு ஒரு நியாயம், ஆசியாவுக்கு ஒரு நியாயம், சொந்த ஊருக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியாது என்றார்.

இதே பவல்தான் 1968-ல், இங்கிலாந்துக்குக் குடியேறி வந்த கறுப்பு மக்களுக்கும் ஆசிய மக்களுக்கும் எதிராகப் பேசிப் பெரிய கலக்கத்தை உண்டாக்கினார். அந்தப் பேச்சை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அன்று இரவு அவர் பேசியது நியாயம். நியாயமான கேள்வி யார் வாயிலிருந்து வந்தாலும் நியாயமான கேள்விதான்.

பிறகு என்ன நடந்தது? சர்க்கார் கவிழ்ந்ததா? இல்லை. காலனி மந்திரி லெனாக்ஸ்-பாயிட் ராஜினாமா செய்தாரா? அதுவும் இல்லை. 11 பேரைக் கொன்றதற்காக ஒருவர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை. சில மாதங்களில் பொதுத் தேர்தல் வந்தது. அதே கட்சிதான் மறுபடியும் ஜெயித்தது.

"அப்படியானால் கேள்வி கேட்டு என்ன பயன்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன்.

ஆனால் தேர்தலுக்குப் பிறகு காலனி மந்திரியாக வந்தவர் வேறொருவர். பெயர் மக்லியாட். இனியும் தாமதிக்கக் கூடாது என்று தன்னைத் தீர்மானிக்க வைத்தது ஹோலாதான் என்று அவரே பிற்பாடு சொன்னார். 1960 ஜனவரியில் நெருக்கடி நிலை நீங்கியது. 1963 டிசம்பர் 12-ந் தேதி கென்யா சுதந்திரம் பெற்றது.

சபையில் சொன்ன பதில் அச்சில் நிற்கும் அல்லவா? 50 வருஷம் கழித்து அது வேலை செய்தது. முகாம்களில் சித்திரவதைப்பட்ட கிழவர்களும் கிழவிகளும் 2009-ல் லண்டன் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் ஹோலாவில் அடிபட்டவர். செத்துவிட்டார் என்று நினைத்துப் பிணங்களோடு போட்டிருந்தார்கள். அவர் பிழைத்து எழுந்தவர்!

வழக்கு நடந்தபோது இன்னொரு வேடிக்கை வெளிவந்தது. 37 பழைய காலனிகளிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த சுமார் 8,800 கோப்புகளை வெளிநாட்டு இலாகா ஒளித்து வைத்திருந்தது. 2011-ல் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

2013 ஜூன் 6-ந் தேதி, வெளிநாட்டு மந்திரி வில்லியம் ஹேக் எழுந்தார். அதே காமன்ஸ் சபை. காலனி ஆட்சியின் கையில் கென்யா மக்கள் சித்திரவதைப்பட்டது உண்மை என்றார். வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்காக 1 கோடியே 99 லட்சம் பவுண்டு கொடுப்பதாக அறிவித்தார்.

54 வருஷம் ஆயிற்று. தாமதம்தான். ஆனால் 1959-ல் எவரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், தண்ணீர் வண்டிதான் சரித்திரமாகி இருக்கும்.

நம் வீட்டுக் கதை

"வெள்ளைக்காரன் ஊர்க் கதை நமக்கு எதற்கு?" என்று சொல்லாதீர்கள். நம் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது.

1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து "ட்ரூரோ" என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிற்று. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன முதல் கப்பல் அது. 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னை வழியாகப் போனவர்கள். தமிழர்களும் தெலுங்கர்களுமாக ஏராளமான குடும்பங்கள்.

ஐந்து வருஷம் ஒப்பந்தக் கூலி. முதல் வருஷத்தில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க நினைத்தால், தலைக்கு வருஷம் 3 பவுண்டு வரி. அதாவது ஆறு மாதச் சம்பளம்! அப்படி ஒரு சட்டத்தை 1895-ல் போட்டார்கள்.

அப்போது இந்தியாவில் மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த பாராளுமன்றம் கிடையாது. கல்கத்தாவில் வைசிராய் தலைமையில் ஒரு சட்ட சபை கூடும். பாதிக்கு மேல் அதிகாரிகள். அந்தச் சபையில் 1910 பிப்ரவரி 25-ந் தேதி கோபால கிருஷ்ண கோகலே எழுந்தார். நேட்டாலுக்கு ஆள் பிடிப்பதைத் தடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

அவர் வெறுங்கையோடு வரவில்லை. காந்தியின் நண்பர் போலக், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து ஊர் ஊராகப் போய் விவரம் சொல்லியிருந்தார். சென்னையில் ஜி. ஏ. நடேசன் அவருக்குத் துணையாக இருந்தார்.

சர்க்கார் தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது. 1911 ஜூலை 1-ந் தேதி முதல் நேட்டாலுக்கு ஆள் ஏற்றுவது நின்றது. ஓட்டு பலமே இல்லாத ஒரு சபையில் இது நடந்தது!

1912-ல், எல்லா நாடுகளுக்கும் ஒப்பந்தக் கூலியை நிறுத்தச் சொல்லி கோகலே இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். அது தோற்றது. 1916-ல் மாளவியா மறுபடியும் கொண்டுவந்தார். சர்க்கார் இணங்கியது.

இப்போது

இன்று நமக்கு ஓட்டு இருக்கிறது. லோக் சபையில் கேள்விக்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். வாயால் பதில் சொல்ல வேண்டியது நட்சத்திரக் கேள்வி. நாள் ஒன்றுக்கு 20 கேள்வி. அதில்தான் துணைக் கேள்வி கேட்கலாம். மற்ற 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில். 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகப் பேசும் கேள்வி கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. இருக்கட்டும். இரகசியம் என்று சொல்லவும் இடம் இருக்கிறது. போர்க் கப்பல் எங்கே நிற்கிறது என்று சந்தையில் சொல்ல முடியாதுதான். ஆனால் "வெளிநாட்டு விவகாரம்" என்று சொன்ன உடனே அங்கத்தினர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

நம் மீனவர்களையே பாருங்கள். இராமேசுவரத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் கரையில் காத்திருக்கிறார்கள். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகிறது. தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் பாராளுமன்றத்தில் கேட்கத்தான் செய்கிறார்கள். "இலங்கை சர்க்காரிடம் எடுத்துச் சொல்லி இருக்கிறோம்" என்று பதில் வருகிறது. அது முதல் கேள்விக்குப் பதில். எந்தத் தேதியில் எடுத்துச் சொன்னீர்கள்? அவர்கள் என்ன பதில் கொடுத்தார்கள்? பிடித்த படகுகளில் எத்தனை திரும்பி வந்தன? இரண்டாவது, மூன்றாவது கேள்வி இவைதான். எழுத்துப் பதிலுக்குத் துணைக் கேள்வி கிடையாது. ஆகவே அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கடுத்த கூட்டத்திலும் கொடுக்க வேண்டும்.

கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டதும் உண்டு. 2020 செப்டம்பர் கூட்டத்தில், கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். எழுத்துப் பதில் மட்டும் வந்தது. மந்திரிகளுக்கு நிம்மதி!

"தகவல் சேகரித்துச் சொல்கிறோம்" என்று மந்திரி சொன்னால், அதைச் சபைக்குக் கொடுத்த வாக்குறுதியாகக் கணக்கில் வைப்பார்கள். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று பார்க்கத் தனிக் குழுவே இருக்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. சில அங்கத்தினர்களுக்கும் தெரியாதோ என்று எனக்குச் சந்தேகம்.

எந்த அங்கத்தினர் என்ன கேள்வி கேட்டார், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் பாராளுமன்றத்தின் இணையதளத்தில் பெயர் வாரியாக இருக்கிறது. யாரும் பார்க்கலாம். காசு கிடையாது. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், உங்கள் தொகுதி அங்கத்தினர் பெயரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு மந்திரியிடம் அவர் கடைசியாக எந்த வருஷம் ஒரு கேள்வி கேட்டார் என்று தேதி போட்டு இருக்கும்.