யாருக்குக் குளிர்ச்சி?

சென்னைக் கடற்கரையிலுள்ள விவேகானந்தர் இல்லத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்த இடம் அது. அன்று குளிர்ச்சி சிலருக்கே கிட்டிய ஆடம்பரம். பின்னர் மின்விசிறி வந்தது. இன்றோ தெருவுக்குத் தெரு ஏ.சி. இயந்திரங்கள்! 2024 மே 2-ஆம் நாள் தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்னும் உச்சத்தைத் தொட்டது. கோடையில் அதை உயர்த்துவதில் ஏ.சி.க்குப் பெரும்பங்குண்டு.

'இது வளர்ச்சிதானே?' என்பர் சிலர். இயற்பியல் வேறொன்றும் கூறுகிறது. ஏ.சி. வெப்பத்தை அழிப்பதில்லை, அறையின் வெப்பத்தோடு தான் உண்ட மின்சாரத்தையும் வெப்பமாக்கி வெளியே தள்ளுகிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் சுவர்கள் இரவில் அதைக் கக்குகின்றன. தெரு சூடாகிறது, தேவை மேலும் கூடுகிறது.

என் தந்தை அந்நகரில் கட்டட வேலை செய்பவர். பிறர் ஏ.சி. பொருத்தும் மாடிகளைக் கட்டிவிட்டு, இரவில் தகரக் கூரையின்கீழ்ப் படுக்கிறார். பக்கத்துக் கட்டடம் தள்ளும் அனல் அவர் சன்னல் வழியே நுழைகிறது. அவர் இழக்கும் உறக்கம் எந்த மீட்டரிலும் பதிவாவதில்லை. மின்தேவைக் கணக்கில் அவர் இல்லவே இல்லை.

ஏ.சி. வேண்டாமென நான் கூறவில்லை. நட்சத்திரக் குறியிட்ட புதிய அறை ஏ.சி.கள் 24 பாகையில் தொடங்க வேண்டுமென்ற விதி 2020-இல் வந்தது. நன்று! அதை 18-க்கு இறக்காதிருப்பது நம் கடமை. ஆனால் முதற்பணி, ஏழையின் கூரைக்கு வெள்ளையடிப்பதும் அவன் தெருவில் நிழல்மரம் வளர்ப்பதுமே. மின்நிலையங்களை எண்ணுமுன் கூரைகளை எண்ணுவோம்!

— இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)