ஓட்டுச்சீட்டு யார் கையில்?

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, வேலைநிறுத்த வாக்கெடுப்பு என்றால் சங்கத்தின் சுவரொட்டியில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும்: 'சாதி மத பேதம் மறந்து ஒன்றுபடுவீர்! வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களிப்பீர்!'

யாரை மறக்கச் சொல்கிறீர்கள் தோழர்களே? மிதித்தவனையா, மிதிபட்டவனையா?

வாக்கெடுப்பன்று கேட்டில் நின்று பாருங்கள். நிரந்தரத் தொழிலாளி வரிசையில் நின்று சீட்டுப் போடுகிறான். அதே கேட் வழியாக உள்ளே போகிற கான்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சீட்டு கிடையாது. டேங்குக்குள் இறங்கிக் கழுவுகிறவன் அவன். சாம்பல் அள்ளுகிறவன், மூட்டை சுமக்கிறவன், கக்கூஸ் கழுவுகிறவன் அவன். அவர்களில் எத்தனை பேர் சேரியிலிருந்து வருகிறார்கள் என்பது சங்க ஆபீசுக்குத் தெரியாதா? தெரியும். கணக்கெடுக்கத்தான் மனசில்லை.

ஸ்டிரைக் தொடங்கினால் இவனுக்கும் கூலி நின்றுபோகும். பர்மனென்ட்டுக்கு சொசைட்டி கடனாவது உண்டு. இவனுக்கு மீட்டர் வட்டிக்காரன்தான். ஒப்பந்தம் கையெழுத்தானால் அரியர்ஸ் அவர்களுக்கு. இவனுக்கு என்ன? 'அடுத்த தபா பாத்துக்கலாம் தம்பி.' பசி தாங்காமல் பத்தாம் நாள் உள்ளே போனால் மட்டும் பட்டம் கிடைக்கும்: கருங்காலி!

இந்தச் சொல்லுக்கு வடசென்னையில் ஒரு வரலாறு உண்டு. 1918ல் பெரம்பூர் பின்னி ஆலையை மையமாக வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, திரு.வி.க. என்று முன்னணியில் நின்றவர்களைச் சொல்கிறோம். சேரியிலிருந்து வந்தவர் யார்? 1921ல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆதிதிராவிடர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. ஆதிதிராவிடர்களுக்கு அரசு செல்லம் கொடுத்ததுதான் காரணம் என்றார்கள் நீதிக்கட்சித் தலைவர்கள். எம்.சி.ராஜா 1923ல் அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார்.

அன்று வேலைக்குப் போனதை நாம் கொண்டாடவில்லை. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது. ஜெயித்தவன் வெள்ளைக்கார முதலாளி. ஆனால் குடிசைக்குத் தீ வைத்துவிட்டு ஒற்றுமை பேசாதே என்கிறோம். முடிவெடுக்கும்போது ஊர், பட்டினி கிடக்கும்போது மட்டும் சேரியும் சேர்த்தி என்றால் அது ஒற்றுமையல்ல, வெட்டி வேலை வாங்குவது.

அம்பேத்கர் இதற்கு வழி காட்டினார். பம்பாய் ஆலைகளில் நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டியிருந்ததால் 'தீட்டு' என்று நெசவுப் பிரிவில் தலித்துகளை விடவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது, எங்கள் மக்களுக்கு நெசவில் இடம் என்பதையும் கோரிக்கையில் சேர், இல்லாவிட்டால் ஆதரவில்லை என்றார். அரைமனதோடு சேர்த்தார்கள். அதே அம்பேத்கர்தான் 1938 நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கிய மசோதாவை எதிர்த்து கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தினார். வேலைநிறுத்தம் அவருக்கு எதிரியல்ல. சாதியை வாசலில் நிறுத்தாத சங்கத்தோடுதான் அவருக்குச் சண்டை.

இன்று இந்தச் சண்டையைத் தள்ளிப்போட முடியாது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அமலில் இருக்கிறது. 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் எந்தத் தொழிற்சாலையிலும் ஸ்டிரைக் கூடாது. ஒரே நாளில் பாதிப்பேர் சேர்ந்து லீவு போட்டாலே ஸ்டிரைக். பல சங்கங்கள் இருக்கும் இடத்தில், மஸ்டர் ரோலில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கம் இருந்தால் அதுதான் ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் கான்ட்ராக்டரின் ரோலில் கிடக்கிறது. 2001ல் உச்சநீதிமன்றம், ஒப்பந்தமுறை ஒரு வேலையில் தடைசெய்யப்பட்டாலும் அந்தத் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டான் என்று சொல்லிவிட்டது. சட்டம் அவனை ஆளாகவே எண்ணவில்லை. சங்கமும் எண்ணாவிட்டால் முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

சட்டம் நோட்டீஸ்தான் கேட்கிறது. பெட்டியில் யார் சீட்டுப் போடலாம் என்பதைச் சங்கம்தானே தீர்மானிக்கிறது? ஆகவே முதலாளியைக் கேட்பதற்கு முன் சங்கத்தைக் கேட்கிறோம்:

கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் ஒரு சீட்டு கொடு. கோரிக்கைப் பட்டியலில் நிரந்தர வேலையை கடைசி வரியில் அல்ல, முதல் வரியில் எழுது. போராட்ட நிதியில் முதல் அரிசி மூட்டையை அவன் தெருவில் இறக்கு. கமிட்டியில் அவனை உட்கார வை. டீ வாங்கி வர அனுப்பாதே.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டு இல்லை என்பதற்காக கான்ட்ராக்டரின் வேனில் ஏறி உள்ளே போகாதீர்கள். 1921ன் முதலாளிக்கு நாம் மறுபடியும் ஆள் அனுப்பக் கூடாது. வாக்கெடுப்பன்று கேட்டுக்கு வெளியே நில்லுங்கள், வரிசையாக. சீட்டைக் கேளுங்கள். கொடுக்கிறவரை நகராதீர்கள்.

எங்க வயிறும் சேர்ந்துதான் காயப்போவுது. அப்போ எங்க கையும் அந்தப் பெட்டிக்குள்ள போவணும்.