பழைய மென்பொருளும் புதிய கணினியும்

விழாக் காலம் கணக்கெடுக்கும் காலமுமாகும். கல்லூரியொன்று ஆண்டு நிறைவைக் கொண்டாடும்போது அதன் கட்டடங்களை எண்ணுகின்றோம். பரீட்சைப் பெறுபேறுகளை எண்ணுகின்றோம். விளையாட்டில் ஈட்டிய கேடயங்களை எண்ணுகின்றோம். மறைந்த அதிபர்களையும் ஆசிரியர்களையும் நன்றியோடு நினைவு கூருகின்றோம். இவற்றுக்கெல்லாம் சான்றாகிய ஏடுகள் எங்கே உள்ளன, அவற்றை இன்று திறந்து படித்தல் இயலுமா என்னும் வினாவை எழுப்புவோரோ மிகச் சிலர். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவரும், இன்றைய மாணாக்கரும், ஆசிரியப் பெருமக்களும் அவ்வினாவைச் சற்றே சிந்தித்தல் வேண்டுமென விழைகின்றோம்.

கடந்த நாற்பது ஆண்டுகளில் எமது நாட்டுக் கல்லூரிகளினதும் பழைய மாணவர் சங்கங்களினதும் பதிவுகள் சிறிது சிறிதாகக் காகிதத்தை விட்டுக் கணினியிற் குடிபுகுந்தன. அங்கத்தவர் பெயர்ப்பட்டியல் டீபேஸ், பொக்ஸ்புரோ முதலிய மென்பொருள்களிலே எழுதப்பட்டது. வரவு செலவுக் கணக்கு லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாளில் ஏறியது. ஆண்டு மலர்கள் பேஜ்மேக்கரிலே, பாமினி எழுத்துருவிலே அச்சுக்கோக்கப்பட்டன. யாவும் மூன்றரை அங்குல நெகிழ்வட்டுக்களில் அடைக்கப்பட்டு அலுமாரிகளில் வைக்கப்பட்டன. இன்று அவ்வட்டை இடுதற்கு வாயுள்ள கணினி அரிது. அரிதின் முயன்று வட்டிலுள்ளதைப் புதிய கணினிக்கு மாற்றினாலும், பழைய மென்பொருளை இயக்கப் புகுங்கால், இந்நிரல் இங்கே இயங்காது என்னும் ஒரு வரியே விடையாகக் கிடைக்கின்றது.

இதற்குக் காரணம் யாது? கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் நடுவே நின்று இரண்டையும் இணைப்பது இயங்குதளம். 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினியோடு வெளிவந்த டொஸ் என்னும் இயங்குதளம், இன்ரெல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட 8086 இனத்துச் சில்லுக்காக எழுதப்பட்டது. அது 16 பிற் முறை. அக்காலத்து நிரல்கள் இயங்குதளத்தைப் பெரிதும் பொருட்படுத்தாது, திரையோடும் அச்சுப்பொறியோடும் நேரே பேசும் பழக்கமுடையன. 1985இல் வந்த 80386 சில்லு, பழைய நிரலொன்று தானே தனித்ததொரு 8086 கணினியை ஆள்வதாகக் கருதிக்கொண்டு இயங்குதற்கு ஒரு தனி வழியை அமைத்துக் கொடுத்தது. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி.யும் அதன் வழிவந்த 32 பிற் விண்டோஸ்களும் அவ்வழியிலேயே டொஸ் நிரல்களைப் பேணின. சில்லுகள் 64 பிற் முறைக்கு ஏறியபோது அம்முறையில் இவ்வழி அடைபட்டது. 64 பிற் விண்டோஸ் டொஸ் நிரல்களை மட்டுமன்றி, 16 பிற் விண்டோஸ் நிரல்களையும் ஏற்பதில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11 முற்றிலும் 64 பிற் முறையினது. 32 பிற் வடிவமும் பெற்றிருந்த விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒற்றோபர் 14ஆந் திகதியோடு முடிந்தது. எனவே, இதுகாறும் ஒருக்களித்துத் திறந்திருந்த கதவு இப்பொழுது சாத்தப்பட்டுள்ளது.

இவ்விடத்து ஒன்று கூறுதல் பொருந்தும். இயலாமை வேறு, வேண்டாமை வேறு. 1993இல் தொடங்கப்பட்ட வைன் என்னும் மென்பொருள், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்குவது. அது 64 பிற் லினக்ஸிலே 16 பிற் விண்டோஸ் நிரல்கள் பலவற்றை இயக்கிக் காட்டுகின்றது. ஆகவே, பழைய நிரல்கள் கைவிடப்பட்டமை முழுவதும் பொறியின் குறையன்று. இன்னது காக்கத் தக்கது, இன்னது விடத் தக்கது என மனிதர் செய்த தெரிவும் அதிலுண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்பிரல் 7ஆந் திகதி சிஸ்டம்/360 என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்கென எழுதப்பட்ட நிரல்கள் அக்குடும்பத்தின் இன்றைய பெருங்கணினிகளிலும் இயங்கவல்லன. வங்கிகள் அவற்றை நம்பியிருத்தற்கு இதுவும் ஒரு காரணம். அப்பிள் நிறுவனமோ வேறு நெறி கொண்டது. பவர்பீசி சில்லுக்கான பழைய நிரல்களை 2011இலும், 32 பிற் நிரல்களை 2019இலும் அது தன் புதிய இயங்குதளங்களிலிருந்து விலக்கிவிட்டது.

மைக்ரோசொவ்ற் நிறுவனமும் ஒருகாலத்தில் இத்துறையில் வியத்தகு பொறுமை காட்டியது. சிம்சிற்றி என்னும் விளையாட்டு நிரலில் ஒரு வழு இருந்தது. தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகப் பகுதியை அது மீண்டும் வாசித்தது. பழைய விண்டோஸில் இதனால் தீங்கு விளையவில்லை. 1995இல் வெளிவரவிருந்த விண்டோஸ் 95இலோ அவ்விளையாட்டு நிலைகுலைந்தது. புதிய இயங்குதளத்தை ஆக்கியோர், இயங்குவது சிம்சிற்றியா எனப் பார்த்து, ஆமெனின் நினைவகத்தை உடனே பறிக்காதிருக்கும்படி தமது இயங்குதளத்திலேயே ஒரு விலக்கை எழுதி வைத்தனர் என்று ஜோயல் ஸ்பொல்ஸ்கி எழுதியுள்ளார். பிறர் பிழைக்காகத் தம் வீட்டுக் கதவைத் திருத்தியமைத்த இச்செயலைக் கணினி கற்கும் மாணாக்கர் அறிதல் நன்று. நேற்று விலைகொடுத்து வாங்கியவன் இன்று ஏமாறலாகாது என்பதே அதன் உட்கருத்து.

இனி, எம்மவரிடையே நிலவும் இருவகைக் கொள்கைகளை நோக்குவோம். ஒரு சாரார், பழையதை வீசிவிட்டுப் புதியதை வாங்குக என்பர். பழஞ்சொற்கள் வழக்கொழிதல் குற்றமன்று என நன்னூலாரே விதித்தாரன்றோ என்றும் துணை தேடுவர். சொல் வழக்கொழியலாம், அச்சொல்லால் எழுதப்பட்ட நூலைக் கொளுத்துக என எவ்விலக்கண ஆசிரியரும் விதித்திலர். மென்பொருள் பழையதாகலாம், அதனுள் இருப்பதோ எம்மவரின் பெயர்கள். மற்றொரு சாரார், பழைய கணினியையே பூட்டி வைத்துக் காத்தால் போதும் என்பர். இதுவும் பிழையே. நெகிழ்வட்டின் காந்தப் பூச்சும், வன்தட்டின் சுழலியும், மின்வழங்கியின் கொள்ளளவிகளும் மூப்புக்குத் தப்புவன அல்ல. பூட்டிய அறையிலே புழுக்கமும் ஈரமும் அவற்றின் நாள்களைக் குறைக்கும். அன்றியும், ஆதரவு நின்றுபோன இயங்குதளத்தை இணையத்தோடு இணைப்பது வாயிற்காவலனை நீக்கிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதை ஒக்கும். 2017 மே மாதத்தில் வன்னாகிறை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, பிரித்தானிய மருத்துவமனைகளையும் முடக்கியபோது, 2014இலேயே தான் கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பீக்கும் மைக்ரோசொவ்ற் விதிவிலக்காக ஒரு திருத்தத்தை வெளியிட நேர்ந்தது.

பிரித்தானியாவின் டூம்ஸ்டே வரலாறு இவ்விரு சாராருக்கும் ஏற்ற பாடமாகும். 1086இல் இங்கிலாந்தின் நிலபுலங்களைக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே ஏடு இன்றும் படிக்கக் கூடியதாயுள்ளது. அதன் 900ஆம் ஆண்டை நினைவுகூர, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1986இல் புதியதொரு கணக்கெடுப்பைச் செய்து, அதனை லேசர் வட்டுக்களிலே பதித்தது. பாடசாலை மாணவர்கள் பெருந்தொகையாகத் தம் ஊர்களைப் பற்றி அதில் எழுதினர். பதினாறு ஆண்டுகள் கழிவதற்குள், அவ்வட்டைப் படிக்கும் கருவிகள் அருகிவிட்டன. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய கணினியைப் புதிய கணினியினுள் மென்பொருளாற் போலச் செய்து, அதனை மீண்டும் இயக்கிக் காட்டினர். தொள்ளாயிரம் ஆண்டைத் தோல் ஏடு தாங்கியது. பதினாறு ஆண்டைத் தாங்குதற்குப் புதுமைக்குத் துணை வேண்டியதாயிற்று.

அத்துணை இன்று எளிதிற் கிடைக்கின்றது. 2002இல் முதன்முதல் வெளிவந்த டொஸ்பொக்ஸ், டொஸ் காலத்துக் கணினியொன்றை மென்பொருளால் அமைத்துத் தருகின்றது. அது விளையாட்டுக்களின் பொருட்டு எழுந்தது. ஆதலின் புதிய கணக்கெழுத அதனை நம்புதல் தகாது. பழைய கணக்கைப் படித்தற்கோ பெரும்பாலும் போதும். விண்டோஸ் 3.1, 95, எக்ஸ்பீ ஆகியவற்றின் நிரல்களுக்கு வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி ஏற்றது. பழைய இயங்குதளத்தை முழுமையாக அதனுள் நிறுவலாம். இணையத் தொடர்பைத் துண்டித்து வைக்கலாம். தன்னளவில் 32 பிற் முறையினதாயினும், நிறுவும் நிரல் மாத்திரம் 16 பிற் ஆனமையால் புதிய கணினியில் ஏறாது நிற்கும் மென்பொருள்களும் பலவுண்டு. அவையும் அங்கே நிறுவப்படும். பழந்தமிழ் நூலுக்கு உரையாசிரியர் செய்த உதவியை இக்காலத்து நிரலுக்கு மெய்நிகர் கணினி செய்கின்றது எனலாம். மூலம் மாறாது நிற்கப் பொருள் விளங்குகின்றது.

ஆயினும், உரையோடு நின்றுவிடுதல் ஆகாது, பெயர்த்தெழுதலும் வேண்டும். மெய்நிகர் கணினியைப் படிக்கும் அறையாகக் கொள்க. வசிக்கும் வீடாகக் கொள்ளற்க. அங்கே திறந்த ஏடுகளைப் பலரும் அறிந்த, எந்நிறுவனத்துக்கும் கட்டுப்படாத வடிவங்களுக்கு மாற்றுதல் வேண்டும். டீபேஸ் பட்டியல்களையும் லோட்டஸ் விரிதாள்களையும் இலவசமாகக் கிடைக்கும் லிபர்ஒபிஸ் திறக்கும். பேஜ்மேக்கர் மலர்களைப் பழைய பேஜ்மேக்கரிலேயே திறந்து, பக்க அமைப்புக் குலையாத பீ.டி.எவ். கோப்புக்களாக்கலாம்.

தமிழுக்கோ இதற்கு மேலும் ஓர் இடர் உண்டு. பாமினியில் எழுதிய கோப்பிலே உண்மையில் தமிழ் எழுத்து இல்லை. தமிழ் என்னும் சொல், ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே அதனுட் கிடக்கின்றது. எழுத்துரு உள்ளவரை அவை தமிழாகத் தோன்றும். எழுத்துரு நீங்கின் பொருளற்ற குறிகளாகும். யுனிகோட்டிலே, 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலிருந்தே தமிழுக்கெனத் தனியிடமுண்டு. பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் பல உள. எனினும், பாமினியில் தட்டச்சு முறைப்படி ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னும், யுனிகோட்டில் மெய்க்குப் பின்னும் நிற்கும். இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் கருவி தமிழென மயங்கிக் குலைத்துவிடும். ஆதலின், பொறி மாற்றியதை மனிதர் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. ஏட்டுச்சுவடியில் மெய்க்குப் புள்ளியில்லாத எழுத்தைப் படித்து அச்சேற்றிய முன்னோர் இதனினும் பன்மடங்கு உழைத்தனர். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார்கள். அவர்கள் பிறந்த மண்ணின் மக்களுக்கு, முப்பது ஆண்டு வயதுள்ள கோப்பைப் பெயர்த்தெழுதுதல் பெரும்பாரமாமோ?

இஃது எழுத்துரு பற்றிய சிறு விடயமென எவரும் தள்ளிவிடலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறை இன்னும் வாழ்கின்றது. 1990களிலே குடாநாடு மின்சாரமின்றி இருண்டிருக்க, 1995இல் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர, வீடுகளிலும் பாடசாலைகளிலும் இருந்த காகித ஏடுகள் அழிந்தன, சிதறின. அக்காலத்தில் கொழும்பிலும், இலண்டனிலும், ரொறன்ரோவிலும் பழைய மாணவர் கிளைகள் கணினியிலே தட்டெழுதி வைத்த பட்டியல்களே, யார் எங்கே படித்தார், எங்கே சென்றார், எவர் மறைந்தார் என்பதற்குச் சிலவிடத்து எஞ்சிய ஒரே சான்று. நெருப்புக்குத் தப்பிய பெயர்களை நெகிழ்வட்டிலே சாகவிடுதல் முறையாகுமா? 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகம் எம் காகித நூல்களைக் காத்து வருகின்றது. கணினியிலே பிறந்த ஏடுகளைக் காக்கும் கடமை அவற்றை ஆக்கிய சங்கங்களுக்கே முதற்கண் உரியது.

எனவே, பழைய மாணவர் சங்கத்தார்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. விழா நிதியிற் சிறு பங்கை இப்பணிக்கு ஒதுக்குக. கிளைகள்தோறும் அலுமாரிகளில் உறங்கும் வட்டுக்களைத் திரட்டுக. நெகிழ்வட்டு வாசிப்பான் ஒன்றை வாங்குக. வட்டின் முழுப் படியை முதலில் எடுத்து, அப்படியிலேயே பணி செய்க. மென்பொருளின் மூலவட்டையும் உரிமச் சீட்டையும் எறிந்துவிடாது பேணுக. எவ்விதம் திறந்தோம் என்பதை நிகழ்ந்தபடியே தமிழில் எழுதி, கோப்போடு வைக்குக. படிகளைக் குறைந்தது இரண்டு ஊர்களில் வைக்குக. உயர்வகுப்பிலே தகவல் தொழில்நுட்பம் கற்கும் மாணாக்கரை இப்பணியிற் சேர்க்குக. பாடநூல் கற்பிக்காத பலவற்றைப் பழைய நிரலொன்று அவர்களுக்குக் கற்பிக்கும். தமக்கு முன் அவ்வகுப்பறையில் இருந்தோரின் பெயர்களையும் அவர்கள் அறிவர்.

புதிய கணினியை நாம் வெறுக்கின்றோமல்லோம், அதனை வரவேற்கின்றோம். பழையதைப் படிக்க வல்ல புதுமையே வளர்ச்சியெனப்படும். படிக்க மாட்டாத புதுமை மறதிக்கே இட்டுச் செல்லும். அடுத்த விழா மலரை ஆக்கப்போகும் மாணவன், இவ்விழாவின் கோப்புக்களையும் திறந்து படிக்கத் தக்கதாக இன்றே ஆவன செய்தல் எம் கடன். கல்லூரி அன்னை நீடு வாழ்க! அவள் நினைவும் உடன் வாழ்க!