ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடம். ஒருவருக்கு பென்சன், ஒருவருக்கு இல்லை! ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கங்கள் எதற்காக மல்லுக்கட்டுகின்றன?

காரைக்குடி,

ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு வாத்தியார்கள். இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பாடம். ஒருவர் 2003-ம் ஆண்டு மார்ச் மாதம் வேலையில் சேர்ந்தவர். இன்னொருவர் ஒரே மாதம் கழித்து, ஏப்ரலில் சேர்ந்தவர்.

60 வயதில் இருவரும் வீட்டுக்கு வருகிறார்கள். முதலாமவருக்கு சாகும் வரை மாதா மாதம் பென்சன். அவர் போனபின் மனைவிக்கு குடும்ப பென்சன். இரண்டாமவருக்கு கையில் ஒரு மொத்தத் தொகை. அவ்வளவுதான்.

ஒரு மாத வித்தியாசம் ஒரு குடும்பத்தின் முதுமையையே மாற்றி விடுகிறது.

சிவகங்கை மாவட்டம் உள்பட தமிழ்நாடு முழுவதும் ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கங்கள் மனு கொடுப்பதும், கலெக்டர் ஆபீஸ் முன் வெயிலில் உட்காருவதும் இந்த "தேதி" விவகாரத்துக்காகத்தான். "கிழவர்களுக்கு வேறு வேலை இல்லை" என்று சிலர் சொல்லிவிட்டுப் போகலாம். விஷயம் அவ்வளவு லேசானதல்ல.

வாத்தியார் ஊர்

காரைக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நகரத்தார் வீடுகளும் பலகாரமும்தான் ஞாபகம் வரும். ஆனால் இது வாத்தியார் ஊரும் கூட.

1947-ல் வள்ளல் அழகப்ப செட்டியார் இங்கே கல்லூரி தொடங்கினார். 1950-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் உதயமானது. இங்கே படித்து, இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே ஓய்வு பெற்றவர்கள் ஏராளம்.

பையன் சென்னையில், பெண் சிங்கப்பூரில். பெரிய வீட்டில் வயதான இருவர் மட்டும். செட்டிநாட்டில் இது தெருவுக்குத் தெரு பார்க்கிற காட்சி. அந்த இருவருக்கும் மாத்திரை வாங்க, கரண்டு பில் கட்ட, ஆஸ்பத்திரிக்குப் போக மாதம் பிறந்தால் வருகிற பென்சன்தான் ஆதாரம்.

1955-ல் பிறந்தது

வாத்தியாருக்கு பென்சன் என்பது தானாக வந்ததல்ல. ஒரு காலத்தில் உதவி பெறும் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டால் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

காமராஜர் முதல்-மந்திரியாக இருந்தபோது, 1955-ல், அந்த நிலை மாறியது. சேமநல நிதி, இன்சூரன்சு, பென்சன் மூன்றும் சேர்ந்த "முப்பலன் திட்டம்" வந்தது. இந்தியாவிலேயே சென்னை ராஜ்யம்தான் இதில் முன்னால் நின்றது.

டில்லியில் விழுந்த தீர்ப்பு

பென்சன்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 17-ந் தேதியை "ஓய்வூதியர் தினம்" என்று கொண்டாடுகிறார்கள். காரணம் என்ன?

1979-ல் மத்திய சர்க்கார் பென்சன் கணக்கைத் திருத்தி, தொகையை உயர்த்தியது. ஆனால் ஒரு கோடு போட்டது. "1979 மார்ச் 31-ந் தேதி வேலையில் இருந்தவர்களுக்கும், அதற்குப் பின் ஓய்வு பெறுகிறவர்களுக்கும்தான் இந்த உயர்வு. முன்னால் போனவர்களுக்கு கிடையாது" என்றது.

ராணுவ இலாகாவில் நிதி ஆலோசகராக இருந்து 1972-ல் ஓய்வு பெற்ற டி.எஸ்.நகரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். எச்.டி.ஷோரி நடத்திய "காமன் காஸ்" அமைப்பும் கூடச் சேர்ந்தது.

1982 டிசம்பர் 17-ந் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட 5 நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.ஏ.தேசாய். பென்சன் என்பது எஜமான் மனம் இரங்கிப் போடும் தர்மம் அல்ல, உழைத்தவனின் உரிமை என்பதுதான் அதன் சாரம். ஒரே ரக பென்சன்காரர்களை தேதி வைத்து இரண்டாக வெட்டக்கூடாது என்றும் கோர்ட்டு சொன்னது.

ஆனால் அந்தத் தீர்ப்புக்கு ஓர் எல்லை உண்டு. 1990-ல் கிருஷ்ண குமார் வழக்கில், சேமநல நிதித் திட்டத்தில் ஓய்வு பெற்ற ரெயில்வேக்காரர்கள் தங்களுக்கும் பென்சன் வேண்டும் என்று கேட்டார்கள். "நீங்கள் வேறு வகை, பென்சன்காரர்கள் வேறு வகை" என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

அதாவது, ஒரே திட்டத்துக்குள் தேதி போட்டுப் பிரித்தால் தப்பு. திட்டமே வேறு என்றால் கோர்ட்டில் எடுபடுவது கஷ்டம். 2003 விவகாரத்தில் சங்கங்கள் வக்கீலை விட வீதியை அதிகம் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

2003-ல் என்ன நடந்தது?

2003 ஏப்ரல் 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் சர்க்கார் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு பழைய பென்சன் இல்லை என்றாகியது. மத்திய சர்க்கார் 2004 ஜனவரி 1 முதல் இதே வழிக்கு வந்தது.

புதிய ஏற்பாட்டுக்கு "பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்" என்று பெயர். சம்பளத்தில் நூற்றுக்கு பத்து பிடித்தம். சர்க்காரும் அதே அளவு போடும். ஓய்வு பெறும்போது சேர்ந்த பணம் வட்டியோடு கைக்கு வரும். பெயரில் ஓய்வூதியம் உண்டு. மாதா மாதம் வருவது எதுவும் இல்லை!

அதே 2003 ஜூலையில், பறிபோன சலுகைகளைத் திரும்பக் கேட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே மூச்சில் டிஸ்மிஸ் செய்யப்பட்டனர். அரசு ஊழியருக்கு ஸ்டிரைக் உரிமை கிடையாது என்று ஆகஸ்டு 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அந்தச் சூடு பட்டவர்களில் பலர் இன்று ஓய்வு பெற்றோர் சங்கத்தில் இருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டமும் இதில் மாட்டியது. 2003 முதல் 2006 வரை மாதம் 3 ஆயிரம், 4 ஆயிரம், 4,500 என்று தொகுப்பூதியத்தில் சேர்ந்த ஆசிரியர்கள். 2006 ஜூன் 1-ந் தேதி முதல்தான் நிரந்தரம் ஆனார்கள். வேலைவாய்ப்பு ஆபீஸ் சீனியாரிட்டியில் காத்திருந்து, தலை நரைத்த பிறகு வேலைக்கு வந்தவர்கள் இவர்களில் அனேகம். சர்வீஸ் குறைவு, அதனால் சேமிப்பும் குறைவு.

2026 ஜனவரி அறிவிப்பு

இதை ஆராய 2025 பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் கமிட்டி போடப்பட்டது. பிறகு 2026 ஜனவரி 3-ந் தேதி தமிழக அரசு "தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்" என்ற அறிவிப்பை வெளியிட்டது.

கடைசிச் சம்பளத்தில் பாதி பென்சனாக உறுதி. ஊழியர் பங்கு நூற்றுக்கு பத்து. மீதிப் பொறுப்பு சர்க்காருடையது. ஆண்டுக்கு சுமார் 11 ஆயிரம் கோடி ரூபாய் போட வேண்டியிருக்கும் என்று அரசே கணக்குச் சொன்னது. பங்களிப்புத் திட்டத்தில் ஏற்கனவே ஓய்வு பெற்று, மாத பென்சன் இல்லாமல் இருப்பவர்களுக்கு "சிறப்பு கருணை ஓய்வூதியம்" என்றும் அறிவித்தது.

சில சங்கங்கள் வரவேற்றன. சில சங்கங்கள் "பழைய திட்டமே வேண்டும்" என்றன.

இங்கே கவனிக்க வேண்டியது "கருணை" என்ற சொல். 1982 தீர்ப்பின் உயிரே பென்சன் கருணை அல்ல என்பதுதான். உரிமை என்றால் விலைவாசி ஏறும்போது அதுவும் ஏற வேண்டும். கருணை என்றால் கொடுப்பவர் சொல்வதே கணக்கு. பெயரில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

மீண்டும் ஒரு கோடு?

2025 மார்ச்சில் பாராளுமன்றத்தில் நிறைவேறிய நிதிச் சட்டம் பென்சன்காரர்களுக்கு புதுக் கவலையை உண்டாக்கியது. ஓய்வு பெற்ற தேதியை வைத்து பென்சன்காரர்களைப் பிரிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்று அதில் ஒரு பிரிவு சேர்ந்தது. 1972 ஜூன் 1 முதலே செல்லும் என்றும் போட்டார்கள்.

இப்போது வாங்கும் பென்சன் எதுவும் குறையாது என்று சர்க்கார் தரப்பில் சொல்லப்பட்டது. "அப்படியானால் நகரா தீர்ப்புக்கு என்ன மரியாதை?" என்பது சங்கங்களின் கேள்வி. இது மத்திய பென்சன்காரர்கள் விஷயம்தான். ஆனால் மத்தியில் ஒன்று வந்தால் மாநிலங்கள் பின்னாலேயே வருவதுதான் வழக்கம். காரைக்குடி வாத்தியாருக்கும் கவலை வருவதில் அதிசயம் இல்லை.

கருவூல வாசலில்

கொடி பிடிப்பது மட்டும் சங்க வேலை அல்ல. தினசரி வேலைதான் அதிகம்.

ஆண்டுதோறும் "உயிரோடு இருக்கிறேன்" என்று கருவூலத்துக்குக் காட்ட வேண்டும். நேரில் போகலாம். "ஜீவன் பிரமாண்" முறையில் கைரேகை வைத்தும் செய்யலாம். இது 2014 நவம்பரில் வந்தது. வயதானவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து, மிஷின் "ஆள் இல்லை" என்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரை யார் தூக்கிக்கொண்டு போவது? வீடு தேடி தபால்காரரை வரவழைக்க ஏற்பாடு செய்வது, ஆபீசில் எடுத்துச் சொல்வது எல்லாம் சங்கத்துக்காரர்கள்.

புருஷன் இறந்துபோனால் மனைவிக்கு பென்சன் புத்தகம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் கோப்பு நகராது. அந்த அம்மாவுக்காக படிவம் எழுதி, கூடவே நடப்பவர் அடுத்த தெரு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியராகத்தான் இருப்பார்.

அடுத்து மருத்துவ இன்சூரன்சு. 2022 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் ஓய்வூதியர் பென்சனில் மாதம் 497 ரூபாய் பிடித்தம் வந்தது. நான்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, சில பெரிய நோய்களுக்கு கூடுதல் என்பது ஏற்பாடு. "பிடிப்பது ஒழுங்காகப் பிடிக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் போய் நின்றால் முன்பணம் கட்டு என்கிறார்கள்" என்பது பொதுவான புலம்பல்.

சங்கங்களின் மற்ற கோரிக்கைகளில் முக்கியமானவை இரண்டு:

1. 80 வயதில் கிடைக்கும் 20 சதவீத கூடுதல் பென்சனுக்கு முன்பாக, 70 வயதிலேயே 10 சதவீதம் தர வேண்டும்.

2. பென்சனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியவர்களுக்கு பிடித்தம் 15 ஆண்டு ஓடுகிறது. கேரளாவில் 12 ஆண்டுதான். இங்கும் அப்படிக் குறைக்க வேண்டும்.

கடைக்காரருக்கு என்ன?

"வாத்தியாருக்கு மட்டும்தான் வயசாகுமா? எங்களுக்கு ஆகாதா?" என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் 70 வயது கடைக்காரர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது.

சிறு வியாபாரிகளுக்கு 60 வயதில் மாதம் 3 ஆயிரம் தரும் திட்டம் 2019-ல் வந்தது. 40 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். முதியவருக்கு அதில் இடமில்லை. மில், கம்பெனி, தனியார் பள்ளி என்று வேலை பார்த்தவர்களுக்கு பி.எப். பென்சன் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று 2014-ல் நிர்ணயம் ஆனது. முதியோர் உதவித்தொகை 1962-ல் 20 ரூபாயில் தொடங்கி, 2023-ல் 1,200 ரூபாய்க்கு வந்தது.

ரெயிலில் முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. பல்லவனில் சென்னைக்குப் போகும் தாத்தாவுக்கு அது தெரியும்.

ஆசிரியர் சங்கங்களின் பலம் எழுத்து, பேச்சு, சட்டம் தெரிந்த ஆட்கள். பலவீனம், தங்கள் பென்சனோடு நின்றுவிடுவது. எல்லா முதியவருக்கும் சேர்த்து அவர்கள் குரல் கொடுத்தால் ஊரே பின்னால் நிற்கும்.

அதற்கு ஒரு வழி ஏற்கனவே இருக்கிறது. 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் 60 வயது ஆனவர் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். காரைக்குடிக்காரர்கள் தேவகோட்டைக்குப் போக வேண்டும். வக்கீல் தேவையில்லை. மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம்.

"வைத்துக் காப்பாற்றுவேன்" என்று சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளை கைவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம். சொத்தைத் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று 2025 ஜனவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுக்கும்போதே பராமரிப்பு நிபந்தனையை பத்திரத்தில் சேர்ப்பது புத்திசாலித்தனம். அவசர உதவிக்கு முதியோர் டெலிபோன் எண் 14567.

இந்தச் சட்டம் தெரியாத தாய் தகப்பன் காரைக்குடியில் ஏராளம். கல்லுக்கட்டியிலும் செக்காலையிலும் வாரம் ஒரு நாள் இரண்டு வாத்தியார்கள் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால் போதும். பலருக்கு வழி பிறக்கும்.

ஊருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர்கள், தங்கள் பென்சனுக்கு மனு எழுதுகிறார்கள். அதே பேனாவால் பென்சன் இல்லாதவனுக்கும் ஒரு மனு எழுதினால், தேதி போட்டுப் பிரிக்கிற சர்க்காருக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.