மீன்கொத்திக்கு மண் கரை வேண்டும்!

2019-ம் ஆண்டுக் கோடையில் சென்னை நகரமே குடிநீருக்குத் தவித்தது. தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்து மக்கள் அப்போது சும்மா இருக்கவில்லை. தங்கள் ஏரிக்குள் இறங்கினார்கள். குப்பையை அள்ளினார்கள். முள்ளை வெட்டினார்கள். பிறகு ஏரியைச் சீர்படுத்த அரசாங்கமும் 25 கோடி ரூபாய் ஒதுக்கியது.

பக்கத்தில் உள்ள செம்பாக்கம் ஏரிக்கும் நல்ல காலம் பிறந்தது. கேர் எர்த் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் அதைச் சீர்படுத்தும் வேலையில் இறங்கின.

இந்த ஏரிகள் தனித்தனி அல்ல. சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கத்துக்குத் தண்ணீர் போகும். அது நிரம்பினால் நன்மங்கலம். பிறகு கீழ்க்கட்டளை, நாராயணபுரம். கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்! உலகின் முக்கிய நீர்நிலைகளுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் இடம் பெற்றதே, அதே பள்ளிக்கரணைதான். அங்கே பறவை வரவேண்டுமானால் மேலே உள்ள ஏரிகளும் நன்றாக இருக்க வேண்டும்.

சிமெண்டு போட்டால்?

ஏரியை அழகுபடுத்துவது என்றால் நம்மவர்களுக்கு ஒரே நினைப்புதான். சுற்றிலும் சிமெண்டுக் கரை, நடைபாதை, பளிச்சென்று விளக்கு! காலையில் நடப்பவர்களுக்கு நடைபாதை வேண்டியதுதான். பிள்ளைகள் விளையாடப் பூங்காவும் வேண்டும்.

ஆனால் மீன்கொத்தி எங்கே போகும்? அது மரத்தில் கூடு கட்டாது. செங்குத்தான மண் கரையில், சுமார் ஒரு முழ நீளத்துக்கு வளை தோண்டி, அதற்குள் முட்டையிடும். சிமெண்டை அதன் அலகு குடையுமா?

முக்குளிப்பான் நீர்ச்செடிகளைக் கூட்டிச் சேர்த்து, மிதக்கும் கூடு கட்டும். இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேலேயே முட்டையிடும். அடைகாப்பது யார் தெரியுமா? ஆண் பறவை! முட்டையிட்டதோடு பெண் பறவையின் வேலை தீர்ந்தது. கோரையும் அல்லியும் இல்லாத ஏரியில் இவற்றுக்கு இடமே இல்லை.

"செடியை விட்டால் கொசு வருமே!" என்பார்கள். சாக்கடை கலந்தால் கொசு பெருகும். அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். நல்ல தண்ணீரில் தட்டான் முட்டையிடும். அதன் குஞ்சுகள் கொசுப்புழுக்களைத் தின்னும். ஆகாயத்தாமரையை மட்டும் விடக்கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி ஏரி முழுவதையும் மூடிவிடும். வேரோடு பிடுங்கத்தான் வேண்டும்.

வேடந்தாங்கல் வழி

மதுராந்தகம் அருகே வேடந்தாங்கல் மக்கள் செய்ததைப் பாருங்கள். பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் உத்தரவு வாங்கிவிட்டார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தாம்பரம் பக்கம் இன்று வயல் குறைவு. ஆனால் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். மீன்கொத்தியைப் படத்தில் மட்டும் பார்க்கும் பிள்ளைகள்!

தாம்பரம் மாநகராட்சி ஒன்று செய்யலாம். ஏரியின் மூன்று பக்கத்தில் மனிதர்கள் நடக்கட்டும். நாலாவது பக்கத்தை மண் கரையாகவே விடட்டும். அங்கே விளக்கு வேண்டாம். பாதையும் வேண்டாம். எதிர்க்கரையில் நாலு பெஞ்சு போட்டால் போதும். பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.