ஏவ வேண்டாம் என்றார்கள்!

வானத்தை வசப்படுத்திய நாடு என்று அமெரிக்காவைப் புகழ்கின்றனர். புகழட்டும், நாமும் மறுக்கவில்லை. ஆனால், ஏறிய உயரத்தைக் கண்டு வியப்பவர்கள் ஏணியைத் தாங்கிப் பிடித்தவனை மறந்துவிடலாமா?

1957 அக்டோபர் 4-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவிற்று. பதறியது வாஷிங்டன்! விண்வெளியைப் படையினரிடமே ஒப்படைப்போம் என்றனர் சிலர். அன்றைய குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரோ, தாமே படைத்தளபதியாக இருந்தவர். எனினும், 1958 ஜூலை 29-இல் அவர் கையொப்பமிட்ட சட்டம், போர்த்துறைப் பணிகளைத் தனியே பிரித்து, அமைதிப் பணிக்கென நாசா என்ற குடிமைத் துறையைத் தோற்றுவித்தது.

அதன் தலைவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். செனட் சபை ஒப்ப வேண்டும். செலவுக்கான பணத்தை அந்நாட்டுப் பாராளுமன்றம் ஆண்டுதோறும் அளந்து தருகிறது. வரி கொடுப்பவன் கணக்குக் கேட்கலாம்! கருவிகளைச் செய்வதிலே பெரும்பகுதி ஒப்பந்தம் பெற்ற தனியார் ஆலைகளின் வேலை. அப்பல்லோ திட்டத்திலே ஏறத்தாழ 4 லட்சம் பேர் உழைத்தனர். 1969 ஜூலை 20-இல் நிலவிலே கால் பதித்தவர் இருவர்!

ஏட்டிலே எல்லாம் ஒழுங்குதான். நடப்பிலே?

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். கடுங்குளிர்! உந்துகலம் செய்த ஆலையின் பொறியாளர்கள், குளிரிலே ரப்பர் வளையம் விறைத்துவிடும், ஏவ வேண்டாம் என்று வாதாடினர். நாசா மேலாளர்கள் முகஞ்சுளித்தனர். ஆலை நிர்வாகம் தன் பொறியாளர்களின் சொல்லை ஒதுக்கிவிட்டு இசைவு தந்தது. மறுநாள், கிளம்பிய 73-ஆவது நொடியில் ஓடம் சிதறிற்று. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை.

குடிமைத் துறையாதலால் விசாரணை ஊரறிய நடந்தது. அறிவியலாளர் ஃபெய்ன்மன், வளையத்தின் துண்டொன்றைப் பனிநீரில் அமிழ்த்தி, அது விறைப்பதை எல்லோரும் காணக் காட்டினார். பொறியாளர்களின் எச்சரிக்கை, இறுதி முடிவெடுத்த மேலிடத்தை எட்டவேயில்லை என்பதும் அம்பலமாயிற்று!

பாடம் கற்றார்களா? 2003 பிப்ரவரி 1-இல் கொலம்பியா உடைந்தது. மீண்டும் ஏழு உயிர்கள். ஓடம் அடிபட்ட இடத்தைப் படமெடுத்துப் பாருங்கள் என்று பொறியாளர்கள் விடுத்த வேண்டுகோள், அம்முறையும் மேலிடத்திலே மடிந்தது. கழன்று விழுந்த நுரைக்கட்டி மட்டுமல்ல, துறையின் போக்கும் குற்றவாளியே என்று விசாரணைக் குழு தீர்ப்புரைத்தது.

பணிமனையிலே நிற்கும் தோழர்களே! கணக்குக் கேட்கும் உரிமை மன்றத்துக்கு இருப்பது நல்லது. ஆனால் அது மட்டும் போதாது. பழுதைக் கண்ணால் கண்டவன் "நிறுத்து" என்றால் நிற்க வேண்டும். அந்த உரிமை வழங்கப்படாத இடத்திலே, மேலிடத்தின் அவசரத்துக்கு விலை கொடுப்பவன் உழைப்பவனே!