ஆர்மீனிய நிலநடுக்கமும் புலம்பெயர் திருச்சபையும்: எம்மவர் சிந்தனைக்குச் சில

1988ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், முற்பகல் 11 மணி 41 நிமிடம். அன்று சோவியத் ஒன்றியத்தின் குடியரசுகளில் ஒன்றாக இருந்த ஆர்மீனியாவின் வடபகுதி குலுங்கியது. 6.8 அளவிலான அந்நிலநடுக்கத்தில் ஸ்பிதாக் நகர் ஏறத்தாழ முற்றாக அழிந்தது. இரண்டாவது பெரிய நகரான லெனினாகானில், அதாவது இன்றைய கியூம்ரியில், ஒன்பது மாடிக் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. பாடசாலை நேரமாகையால் வகுப்பறைகளிலேயே பிள்ளைகள் புதையுண்டனர். இறந்தோர் 25,000 பேர் என்பது அரசு தந்த கணக்கு. மலைநாட்டின் கடுங்குளிரில் வீடிழந்து நின்றோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர்.

இவ்வழிவைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. நாடு கடந்து வாழ்ந்த ஆர்மீனியர்கள், குறிப்பாக அவர்களது தேவாலயச் சமூகங்கள், அதனை எதிர்கொண்ட விதம் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. புலம்பெயர் மண்ணில் கோயில்களையும் தேவாலயங்களையும் கட்டியெழுப்பியிருக்கும் நாம் அதனை அறிந்துகொள்வது அவசியம்.

ஆர்மீனியர்கள் எமக்கு அந்நியர் அல்லர். சென்னையின் ஆர்மீனியத் தெருவை அங்குள்ள மக்கள் 'அரண்மனைக்காரன் தெரு' என்று தம் நாவுக்கு இசைவாக மாற்றிக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் எழுந்த அவர்களது தேவாலயம் இன்றும் அத்தெருவில் நிற்கின்றது. உலகின் முதலாவது ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்ததும் அதே சென்னையில்தான். அதனை அச்சிட்டு வெளியிட்டவர் ஒரு பாதிரியார். தாயகத்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், தன் மொழிக்கு ஓர் இதழ் வேண்டும் என்று ஒரு குருவானவருக்குத் தோன்றியிருக்கிறது. 1915இன் இனவழிப்பிற்குப் பின்னர் பெய்ரூத், அலெப்போ, பாரிஸ், பொஸ்ரன், லொஸ் ஏஞ்சலிஸ் என்று அம்மக்கள் சிதறியபோது, அரசற்ற அவர்களுக்குத் திருச்சபையே அரசாகவும் ஆகியது. பிறப்பும் திருமணமும் இறப்பும் பதியப்பட்ட இடம் அது. பிள்ளைகள் மொழி கற்ற இடமும் அதுவே.

இதனால்தான் 1988இல் செய்தி எட்டியபோது அவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. யாரிடம் பணம் கேட்பது, யார் மருத்துவர், யாருக்குத் தாய்மொழி தெரியும் என்பவற்றை அறிந்த ஓர் அமைப்பு ஒவ்வொரு நகரிலும் ஏற்கனவே இருந்தது. தாயகத்திலும், அறுபது ஆண்டுகளுக்கு மேலான கடவுள் மறுப்பு ஆட்சியைத் தாண்டி, எச்மியாட்சினில் அத்திருச்சபையின் தலைமைப்பீடம் உயிருடன் இருந்தது. அமெரிக்காவில் திருச்சபையின் கிழக்கு மறைமாவட்டம் உடனடியாக ஒரு நிவாரண நிதியத்தைத் தோற்றுவித்தது. இன்று கவனிக்கத்தக்கது அது அன்று சேர்த்த தொகையன்று. அந்நிதியம் இன்றும் ஆர்மீனியாவில் குழந்தைகளுக்காகவும் முதியோருக்காகவும் இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான்.

அவர்களிடையே ஒற்றுமை நிலவியது என்று எண்ணிவிட வேண்டாம். எமது பிளவுகளைக் கண்டு மனம் சலிப்போர் அவர்களது வரலாற்றையும் படிக்க வேண்டும். 1933ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு முந்திய நாளில், நியூயோர்க் தேவாலயம் ஒன்றில் வழிபாட்டின் நடுவே அவர்களது பேராயரே குத்திக் கொல்லப்பட்டார். சோவியத் ஆட்சியின் கீழிருந்த எச்மியாட்சின் பீடத்தை ஏற்பதா, மறுப்பதா என்ற அரசியற் பகை அது. 1950களில் ஒரு பகுதியினர் லெபனானிலுள்ள சிலிசியப் பீடத்தின் கீழ்ச் சென்றனர். ஒரே ஊரில் இரண்டு தேவாலயங்கள், இரண்டு பாடசாலைகள். நிலநடுக்கம் இப்பிளவை ஆற்றிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மை அதுவன்று. நியூயோர்க்கில் இரு தரப்பினருக்கும் தனித்தனிப் பேராலயங்கள் இன்றும் உள்ளன. ஆயினும் இடிபாடுகளுக்கு உதவி சேர்ப்பதில் இரு தரப்பும் பின்னிற்கவில்லை. 1995இல் சிலிசியப் பீடத்தின் தலைவராக இருந்தவரே எச்மியாட்சினின் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எவரும் நினைத்தும் பார்த்திராத நிகழ்வு அது. கருத்து வேறுபாடு தீரட்டும், அதன் பின் உதவுவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

பாடகர் சார்ள்ஸ் அஸ்னவூர் பிரெஞ்சுக் கலைஞர்களைத் திரட்டி 1989இல் பாடல் வெளியிட்டதையும், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உதவியதையும் பலர் அறிவர். அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கமும் உண்டு. வந்து குவிந்த மருந்துப் பொருட்கள் ஏறத்தாழ 5,000 தொன். அவற்றில் உடனடியாகப் பயன்படுத்தக்கூடியவை 30 விழுக்காடு மட்டுமே என்று பின்னர் வெளியான மருத்துவ ஆய்வொன்று கண்டது. எஞ்சியவற்றில் காலாவதியானவை, பனியில் கெட்டவை, எவருக்கும் புரியாத மொழியில் பெயர் எழுதப்பட்டவை என்று பலவகை. ஐம்பது பேர் ஆறு மாதங்கள் இருந்து அவற்றைத் தரம் பிரித்தனர். 2004 ஆழிப்பேரலையின் பின் மண்டபங்களில் பழைய உடுப்புகளை மலைபோற் குவித்த எமக்கு இது புதுச்செய்தியன்று. கண்ணீர் சூடாக இருக்கும்போது கையிற் கிடைத்ததை அனுப்புவது மனித இயல்பு. ஆனால் அங்கே என்ன தேவை என்பதைக் கேட்டறிய முன்கூட்டியே ஒரு தொடர்பு இருந்தாக வேண்டும்.

அடுத்து வந்ததே கடினமான காலம். இரண்டு ஆண்டுகளில் நகரங்களை மீளக் கட்டித் தருவதாகச் சோவியத் தலைமை வாக்களித்தது. 1991இல் அந்த ஒன்றியமே இல்லாமற் போயிற்று. கட்டுமானப் பணிகள் அரைகுறையாக நின்றன. அயல்நாடுகளின் எல்லை மூடல்களும் போரும் சேர்ந்துகொண்டன. 'தொமிக்' எனப்பட்ட தற்காலிகத் தகரக் குடில்களில் பிறந்த குழந்தைகள் அங்கேயே வளர்ந்து, அங்கேயே குடும்பமாயினர். முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் கியூம்ரியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அக்குடில்களில் வாழ்ந்தன. உலகின் செய்தியாளர்கள் எப்போதோ சென்றுவிட்டிருந்தனர். தங்கியவர்கள் சிலரே. கியூம்ரிக்கு வடக்கே, நாட்டின் மிகக் குளிரான பகுதிகளில் ஒன்றான அஷோத்ஸ்கில், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரின் கொடையாக 1991இல் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. கத்தோலிக்கத் துறவியர் அதனை நடத்துகின்றனர். பனி மூடிய அவ்வூர் மக்களுக்கு இடிபாட்டுக் காலத்தில் இறங்கிய விமானங்களை விட அம்மருத்துவமனையே பெரிது என்று நான் துணிந்து சொல்வேன்.

எமக்கும் அவர்களுக்கும் வேறுபாடுகள் உண்டு. ஆர்மீனியருக்கு ஒரே திருச்சபை பெரும்பான்மை. நாமோ சைவர், கத்தோலிக்கர், ஏனைய கிறிஸ்தவர் என்று பல வழிபாட்டினர். உதவியோடு மதமாற்றமும் வரும் என்ற அச்சம் ஆழிப்பேரலைக் காலத்தில் எம்மிடையே எழுந்ததையும் மறுக்க முடியாது. அதனினும் பெரிய வேறுபாடு, 1988இல் மொஸ்கோ தன் கதவை உலகிற்குத் திறந்துவிட்டது. எமக்கோ 2009இல் 'வணங்காமண்' கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் கதவு மூடியிருக்கும் காலத்திலேயே அமைப்பைக் கட்ட வேண்டும் என்பதற்கு ஆர்மீனியரே சான்று. பல பத்தாண்டுகள் மூடிய கதவின் முன்னிருந்தபடியேதான் அவர்கள் பாடசாலையையும் பதிவேட்டையும் நடத்தினார்கள்.

தேர் செய்யவும் கோபுரம் எழுப்பவும் பணம் திரட்டத் தெரிந்த எமது ஆலயங்களுக்கு நிலையான இடர்கால நிதியம் ஒன்றை வைத்திருப்பது இயலாத செயலன்று. ஆண்டு வருவாயில் ஒரு சிறு பங்கு அதற்கென ஒதுக்கப்பட வேண்டும். கணக்கு வெளியாரால் தணிக்கை செய்யப்பட்டு, தமிழிலும் வாழும் நாட்டு மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். இதிற் பெற்றோர் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். சேர்த்த பணம் எங்கே போயிற்று என்று எம் பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர்கள் கேட்பது நியாயமே. கோயிலும் தேவாலயமும் கூடி, தாயகத்தில் ஒரே ஊரை இருபது ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்பதும் நன்று. ஐம்பது ஊர்களுக்கு ஒருமுறை அரிசி கொடுப்பதை விட அது பயன் தரும்.

இளையோருக்கு ஒரு வார்த்தை. புலம்பெயர்ந்த ஆர்மீனியரில் பலர் பேசுவது மேற்கு ஆர்மீனியம். தாயகத்தில் வழங்குவது கிழக்கு ஆர்மீனியம், எழுத்துமுறையும் சற்று வேறு. அப்படியிருந்தும் இடிபாட்டின் முன் நின்ற தாயின் சொல்லைப் பிறநாட்டு மருத்துவருக்கு எடுத்துச் சொல்ல அந்த அரைகுறை மொழி போதுமாக இருந்திருக்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு சலிப்பூட்டுகிறது என்று சொல்லும் எம் பிள்ளைகளிடம் பரீட்சைப் புள்ளிகளைப் பற்றிப் பேசுவதை விட இதனைப் பேசலாம்.

பெரும்பாலான ஆலயங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் போதும். வரும் கூட்டத்தில் நிருவாக சபைக்கு இரண்டு இளையோரைத் தெரிவு செய்து, இந்நிதியத்தின் கணக்கை அவர்கள் கையில் ஒப்படைக்கும்படி கேளுங்கள்.